கச்சான் மூட்டையும் 22ஆம் உறுப்புரையும்

என் பெரியம்மாவுக்கு அரசுத் திணைக்களம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. உறையில் எழுதியிருந்த பெயரும் முகவரியும்கூடச் சிங்களந்தான். தபால்காரத் தம்பி பல வருடங்களாக இந்தப் பக்கம் வருகிறவர் என்பதால் ஊர்ப்பெயரை ஊகித்து, இரண்டு வீடுகளில் விசாரித்து, ஒருவாறு கொண்டுவந்து சேர்த்தார். கடிதத்திலிருந்த திகதிக்கும் அது கைக்கு வந்த நாளுக்கும் இடையில் ஒன்பது நாட்கள் போயிருந்தன. கொழும்பில் கடைகளில் நின்று பேச்சுச் சிங்களம் பழகிய பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் ஊரில் இருக்கிறார்கள். கந்தோர்ச் சிங்களத்தை வாசித்துப் பொருள் சொல்ல அவர்களால் முடியவில்லை. “காணியைப் பற்றித்தான் ஏதோ கேட்டிருக்கினம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஒரு வரியே பெரியம்மாவின் நித்திரையைக் கெடுக்கப் போதுமாக இருந்தது.

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. பெரியம்மாவின் மேட்டுக்காணிக்குப் பெரியப்பாவின் பெயரில் பெர்மிட் இருக்கிறது. 2009இல் போருக்குள் இடம் மாறி இடம் மாறி ஓடியபோது உடுபுடவையைக்கூட விட்டுவிட்டு, அந்தத் தாளை மட்டும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர் பெரியம்மா. செட்டிகுளத்து முகாமில் அது தலையணை உறைக்குள் இருந்தது. மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து அழிந்துவிட்டாலும் முத்திரை தெளிவாகத் தெரிகிறது. இப்படிக் காப்பாற்றி வந்த ஒருவருக்கு, காணியைப் பற்றித் தன்னால் வாசிக்க முடியாத மொழியில் ஒரு கடிதம் வருவது என்ன பயத்தைக் கொடுக்கும் என்பதை வன்னியில் இருக்கிற எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் கிழமை நாங்கள் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனோம். அவர் நல்ல மனிதர் என்பதை மனதாரச் சொல்கிறேன். பெரியம்மாவைக் கதிரையில் இருத்தி, தேநீர் வரவழைத்து, சிங்களம் நன்கு தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கடிதத்தை வரி வரியாக வாசித்துத் தமிழில் சொல்லச் செய்தார். காணிக்குரிய ஆவணங்களின் பிரதிகளைக் குறித்த ஒரு திகதிக்கு முன் சமர்ப்பிக்க வேண்டும் என்பதுதான் உள்ளடக்கம். அந்தத் திகதிக்கு இன்னும் இரண்டு நாட்களே இருந்தன. பதில் கடிதத்தையும் அங்கேயே சிங்களத்தில் எழுதித் தந்தார்கள். “யோசிக்காமல் போங்கோ அம்மா, நாங்கள் இருக்கிறம்” என்று அவர் சொன்னபோது பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த அறுவடையில் ஒரு மூட்டை கச்சான் கட்டி அவருடைய அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார்.

நான்கு மாதங்களுக்குப் பிறகு அதே திணைக்களத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. அதுவும் சிங்களத்தில் இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்த உறுப்பினர் கடிதத்தை மொழிபெயர்த்துத் தந்தார். வட மாகாணத்தில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அக்கடிதம் ஏன் சிங்களத்தில் வந்தது என்று அவர் எவரிடமும் கேட்கவில்லை. கேட்கும்படி நாங்களும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பை அலுவலகத்தில் இருந்த எந்தப் பிள்ளையும் செய்திருக்கலாம். திணைக்களத் தலைவரையும் அமைச்சரையும் பார்த்துக் கேள்வி கேட்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. அதற்காகவே நாங்கள் அவரைத் தெரிவுசெய்து அனுப்பியிருந்தோம். அந்த வேலையை விட்டுவிட்டு, எங்களுக்காக அவர் செய்த சின்ன உதவிக்கு மூட்டை கட்டி நன்றி சொன்னோம்.

நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறவன். சட்டம் படித்தவன் அல்லன். ஆனாலும் இலங்கை அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியை வாசிகசாலையில் வைத்து நாங்கள் சிலர் பல மாலைகள் வாசித்தோம். வாசிக்க வாசிக்க, எங்கள் மேசையில் கிடந்த அந்தப் பழுப்பு உறை வேறு விதமாகத் தெரியத் தொடங்கியது. 22ஆம் உறுப்புரை, வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழியாகத் தமிழே இருக்க வேண்டும், பொதுப் பதிவேடுகளும் பொது நிறுவனங்களின் அலுவல்களும் தமிழிலேயே நடக்க வேண்டும் என்று சொல்கிறது. மொழியின் காரணமாக எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டப்படலாகாது என்பது 12ஆம் உறுப்புரையில் இருக்கிறது. இந்த உரிமைகள் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலொன்றினால் மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அடிப்படை உரிமையோடு மொழி உரிமையும் அந்த உறுப்புரையில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அங்கேயே ஒரு கால எல்லையும் இருக்கிறது: மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். பெரியம்மாவின் கடிதம் ஒன்பது நாள் தபாலில் கிடந்தது. பொருள் விளங்கிய நாளில் மாதம் முடியச் சில நாட்களே மிச்சமிருந்தன. உயர் நீதிமன்றம் இருப்பது கொழும்பு புதுக்கடையில். இரவு பஸ் எடுத்து, அறிமுகமில்லாத நகரத்தில் சட்டத்தரணி தேடி, வாசிக்க முடியாத கடிதத்தைக் காட்டி, மீதமிருக்கும் சில நாட்களுக்குள் மனுத் தயாரிக்க ஒரு விதவைப் பெண்ணால் முடியுமா? வாசிக்க முடியாத மொழியில் அனுப்பப்படும் கடிதம், அந்தத் தவறைக் கேட்பதற்குச் சட்டம் தந்த மாதத்தையும் சேர்த்தே தின்றுவிடுகிறது. (அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் இந்த எல்லைக்குள் கணக்கிடப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. எங்களுக்கு இது அப்போது தெரிந்திருக்கவில்லை. இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து ஊரில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.)

எங்களை நீண்ட நேரம் பேச வைத்தது 4ஆம் உறுப்புரையின் ஈ பிரிவு. அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட அடிப்படை உரிமைகளை அரசாங்கத்தின் எல்லா உறுப்புகளும் மதிக்க வேண்டும், பாதுகாக்க வேண்டும், மேம்படுத்த வேண்டும் என்பது அதன் பொருள். எல்லா உறுப்புகளும் என்றால் பாராளுமன்றமும் அதற்குள் அடங்குகிறது. அதற்கு மேல், ஆசனத்தில் அமர முன் ஒவ்வோர் உறுப்பினரும் அரசியலமைப்பைப் பேணிப் பாதுகாப்பதாகச் சத்தியம் செய்கிறார். ஆகவே எங்கள் உரிமைகளைக் காக்கும்படி அவரிடம் இரந்து நிற்கத் தேவையில்லை. அவர் செய்த சத்தியத்தை நினைவூட்டினால் போதும்.

உறுப்பினர் இந்தக் கடமையைச் செய்யாமல் விட்டால் அவரை எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது? 126ஆம் உறுப்புரை நிறைவேற்று, நிருவாகச் செயல்களைப் பற்றியே பேசுகிறது. ஓர் உறுப்பினர் சபையில் வாய் திறக்காமல் இருந்தது அதற்குள் வராது. ஒரு சட்டமூலம் நிறைவேறிச் சட்டமாகிவிட்டால், அது உரிமைகளுக்கு முரணானது என்று பிறகு எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாதபடி 80ஆம் உறுப்புரை கதவைச் சாத்திவைத்திருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று கொண்டுவரப்பட்டது; 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது; அதன் கீழ் வழக்கு விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்ட பிள்ளைகளின் கதை இல்லாத ஊர் வன்னியில் இல்லை. அதற்கு வழிவிட்டவை சபையில் உயர்ந்த கைகளே. கை உயர்த்துகிறவரைக் கேட்பதற்கு எங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. பதவிக்காலத்தின் நடுவில் உறுப்பினரைத் திருப்பியழைக்கும் ஏற்பாடும் இந்த நாட்டில் இல்லை. ஆகவே ஐந்து வருடமும் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பதொன்றுதான் வழி.

வன்னியில் இது இன்னும் சிரமமாக இருப்பதற்குத் தேர்தல் முறையும் ஒரு காரணம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டம், ஆறு ஆசனங்கள். வன்னி மண்ணிலேயே இருக்கும் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிடக்கிறது. விருப்பு வாக்கு முறையில் இந்த ஊருக்கு இவர் என்று எவரும் இல்லை. தலைமன்னாரிலிருந்து கொக்கிளாய் வரை எல்லோருக்கும் பொதுவானவரிடம் முத்தையன்கட்டுக் கதையை யார் பிடித்துக் கேட்பது? எங்களுக்குக் கிட்டவாக இருந்திருக்க வேண்டிய வட மாகாண சபையோ, 2013 செப்டெம்பரில் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்ததோடு, தேர்தல் இல்லாமல் வருடக்கணக்காக வெறுமையாகக் கிடந்தது. உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டியிருந்தது. பணம் இல்லை என்று நிறுத்தினார்கள். அதை எதிர்த்துச் சிவில் அமைப்புகளும் கட்சிகளும் போட்ட வழக்கில், அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி நாங்கள் வாக்களித்தோம். கேட்டிராவிட்டால் அதுவும் நடந்திருக்குமோ தெரியாது.

எங்கள் மக்கள் கேட்கத் தெரியாதவர்கள் என்று எவரும் நினைக்கக் கூடாது. 2017 பெப்ரவரி முழுவதும் கேப்பாப்பிலவில், பிலக்குடியிருப்புப் பெண்கள் கைக்குழந்தைகளோடு விமானப்படை முகாமின் வாசலில் பனியில் படுத்திருந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி தங்கள் காணிக்குள் கால் வைத்தார்கள். அதே வருடம் பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் இருந்த எத்தனையோ பேர் பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடியே காலமாகிவிட்டார்கள். இரணைதீவு மக்கள் ஒரு வருடத்தை அண்மித்த காலம் கரையில் இருந்து கேட்டுப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி தங்கள் வள்ளங்களில் ஏறித் தாங்களாகவே தீவுக்குப் போனார்கள். இவற்றையெல்லாம் நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. கூடவே ஒரு வலியும் இருக்கிறது. உரிமையைக் காக்கச் சத்தியம் செய்தவர்களின் வேலையை, சம்பளமும் வாகனமும் இல்லாத இந்தத் தாய்மார் தெருவில் இருந்து செய்ய வேண்டியிருந்தது. பிரதிநிதிகள் வந்து கூட இருந்தார்கள், அது ஆறுதல். ஆனால் தாங்கள் மேற்கொண்டு எங்கே, எந்தத் திகதியில், எவரிடம், என்ன கேட்டார்கள் என்ற கணக்கை அவர்கள் ஒப்புவிக்கவில்லை. நாங்களும் கேட்டு வாங்கவில்லை.

2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட வர்த்தமானி வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணியைப் பட்டியலிட்டு, மூன்று மாதத்துக்குள் உரித்தை நிரூபிக்காவிட்டால் அது அரச காணியாகும் என்றபோது, முல்லைத்தீவின் 1,700 ஏக்கர் அளவும் அதற்குள் இருந்தது. காணி உறுதி எரிந்தவர், பெர்மிட் தொலைத்தவர், கனடாவில் இருப்பவர் எல்லோருக்கும் அதே மூன்று மாதம். எதிர்ப்பு எழுந்தது, வழக்குப் போடப்பட்டது, ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கமும் அறிவித்தலை மீளப் பெற்றது. அந்த நாட்களில் பெரியம்மா மறுபடியும் பொலித்தீனை எடுத்து வெளியே வைத்திருந்தார்.

ஊர்க் கூட்டத்தில் நான் இந்தக் கதையை எடுத்தபோது இரண்டு மறுப்புகள் வந்தன. “எம்.பியிட்டைக் கேள்வி கேட்டால் கோவிச்சுக்கொள்ளுவார், பிறகு ஓர் அவசரத்துக்குப் போக ஏலாது” என்று ஒரு அக்கா சொன்னார். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. பதிலற்ற கதவுகள் பலவற்றைத் தட்டியவர்களுக்குத் திறக்கிற ஒரு கதவைப் பகைக்க மனம் வராது. அதனால்தான் தனியாள் எவரும் கேட்க வேண்டாம், சங்கத்தின் பெயரில் கேட்போம் என்று முடிவெடுத்தோம்.

இரண்டாவது மறுப்பு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது, அது கனமானது. இந்த அரசியலமைப்பு எங்கள் சம்மதத்தோடு எழுதப்பட்டதா என்று அவர் கேட்டார். 1971இல், இதற்கு முந்தைய அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலிருந்து தமிழரசுக் கட்சி வெளியேறியதையும், 1983இல் ஆறாவது திருத்தம் கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்ததையும் நினைவூட்டி, அப்படிப்பட்ட புத்தகத்தைத் தூக்கிப் பிடிப்பது சரியா என்றார். நான் நெடுநேரம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். மாஸ்டர், முழுப் புத்தகத்தையும் நாங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. அவர்களே எழுதிக் கையொப்பமிட்ட வரியை அவர்களிடமே நீட்டுகிறோம். கடன்காரன் எழுதித் தந்த துண்டை, அவனைப் பிடிக்கவில்லை என்பதற்காக நாங்கள் கிழித்தெறிவதில்லையே. அவர் முழுதாக உடன்படவில்லை. ஆனால் கடிதம் எழுதும் நாளில் வந்து, என் வசனங்களைத் திருத்தித் தந்தவர் அவர்தான்.

அந்தக் கடிதம் ஒரு பக்கம். பெரியம்மாவுக்கு வந்த இரண்டு கடிதங்களின் பிரதிகளை இணைத்து, 22ஆம் உறுப்புரையைக் குறிப்பிட்டு, இதைப் பற்றிப் பாராளுமன்றத்திலோ மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலோ தாங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா, கேட்டிருந்தால் எந்தத் திகதியில், இல்லையென்றால் எப்போது கேட்பீர்கள், பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு எங்கள் மனுவைத் தாங்கள் சமர்ப்பிப்பீர்களா என்று கேட்டிருந்தோம். வன்னித் தேர்தல் மாவட்டத்தின் உறுப்பினர்கள் எல்லோருக்கும், கட்சி பார்க்காமல், பதிவுத் தபாலில் அனுப்பினோம். பற்றுச்சீட்டுகளை ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒட்டினோம். அந்தக் கொப்பியின் ஒவ்வொரு விரிப்பிலும் இடப்பக்கம் ‘சொன்னது’, வலப்பக்கம் ‘செய்தது’ என்று கோடிட்டிருக்கிறேன். கணக்கெழுதுகிற கைக்கு அந்த வடிவந்தான் வரும்.

ஐந்தாம் நாள் ஓர் உறுப்பினரின் இணைப்புச் செயலாளர் தொலைபேசியில் எடுத்தார். “தம்பி, இதுக்கேன் பதிவுத் தபால், நேரில வந்து சொல்லியிருக்கலாமே” என்றார். குரலில் மனத்தாங்கல் இருந்தது. நேரில் வந்து சொன்னதற்கு எங்களிடம் எழுத்து ஒன்றும் இல்லை ஐயா, இதற்கு எழுத்தில் பதில் தாருங்கள் என்று பணிவாகவே கேட்டேன். எழுத்தில் பதில் ஓர் உறுப்பினரிடமிருந்து வந்தது. சிலர் வாயால் சொன்னார்கள். சிலரிடமிருந்து இன்னும் ஒன்றுமில்லை. எல்லாம் அப்படியே கொப்பியில் ஏறியிருக்கிறது. பதிலெழுதியவர் அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதைக் கேட்டார். திணைக்கள அதிகாரி, தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தர் தமது பிரிவில் இல்லை என்று விளக்கமளித்தாராம். வெற்றிடத்தை நிரப்பாததற்குப் பெரியம்மா ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று உறுப்பினர் திருப்பிக் கேட்டதாகச் செய்தியில் வாசித்தபோது, வாசிகசாலையில் இருந்த எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதே கிழமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான் ஒரு விண்ணப்பமும் போட்டேன். 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டப்படி, தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் எங்கள் பிரதேச செயலாளர் பிரிவுக்கு அந்தத் திணைக்களம் அனுப்பிய கடிதங்களில் எத்தனை தமிழில் இருந்தன என்று கேட்டிருந்தேன். அப்படியொரு பதிவேடு பேணப்படுவதில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதில் தமிழில் இருந்தது. மேன்முறையீடு செய்திருக்கிறேன்.

மூன்றாவது கடிதம் பெரியம்மாவுக்கு வந்தபோது நான் வயலில் நின்றேன். எழுத்துப் பிழைகள் நிறைந்த தமிழ். ‘காணி’ என்பது ஓரிடத்தில் ‘கானி’ என்று இருந்தது. பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விறாந்தையில் இருந்து விரலை வைத்து வாசித்து முடித்து, கள ஆய்வுக்கு வருகிற நாளைத் தானே நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தார். அந்த ஆய்வு முடிந்துவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை.

உள்ளூராட்சித் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்தவர்களிடமும் அந்தக் கொப்பியை நீட்டினோம். சிலர் எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஒருவர் பிறகு வருகிறேன் என்று சொல்லிப் போனார். இப்போது ‘சொன்னது’ பக்கம் பதினொரு விரிப்புகளுக்கு நிறைந்திருக்கிறது, ‘செய்தது’ பக்கம் மூன்றில் மட்டும் எழுத்து இருக்கிறது. கொப்பி இந்த மாதம் மாதர் சங்கத் தலைவியின் பொறுப்பில் இருக்கிறது. பதில் தராத உறுப்பினர்களுக்கு அனுப்பும் நினைவூட்டலை அவர் தம் கையெழுத்திலேயே எழுதிவிட்டார். திங்கட்கிழமை ஒட்டுசுட்டான் தபாலகத்தில் பதிய வேண்டும்.